ஸ்படிகமா, ஈயக் கண்ணாடியா? கையில் இருப்பதை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

‘கிரிஸ்டல்’ என்று சீட்டு ஒட்டிய இரண்டு உருண்டைகளை அருகருகே வைத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால், புதியவரின் கை எது அதிகம் மின்னுகிறதோ அதன் பக்கம்தான் போகும். உள்ளே ஒரு பொட்டு இல்லை, புகைச்சல் இல்லை, திருப்பினால் வானவில் தெறிக்கிறது. இதுதான் அசல் என்று தோன்றும். பெரும்பாலும் அதுதான் கண்ணாடி. பூமிக்குள் விளைந்த ஸ்படிகம் அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்வதில்லை.

இரண்டில் ஒன்று உயர்த்தி, மற்றது மட்டம் என்று சொல்ல வரவில்லை. நன்றாக வார்த்துப் பட்டை தீட்டிய ஈயக் கிரிஸ்டல் ஒரு தேர்ந்த கைவேலை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் ஒன்றை மற்றதன் பெயரில் விற்றால் அது ஏமாற்று. அதோடு, ஒன்றில் ஈயம் இருக்கிறது, மற்றதில் இல்லை. எதைக் குடிக்கப் பயன்படுத்தலாம், எதைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. அதனால் கையில் இருப்பது என்னவென்று தெரிந்தே ஆக வேண்டும்.

குழப்பம் வராமல் இருக்க, இங்கே இயற்கையில் விளைந்ததை ஸ்படிகம் என்றும், உலையில் உருக்கியதை கிரிஸ்டல் கண்ணாடி என்றும் சொல்லிப் போகிறேன்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: சிலிக்கன் டை ஆக்சைடு, அதாவது சிலிக்கா. ஸ்படிகம் என்பது தூய குவார்ட்ஸ். அதில் சிலிக்கன் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் திருகாணிபோல ஒரே ஒழுங்கில் சுற்றிச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கும். கல்லின் ஒரு முனையில் தொடங்கிய ஒழுங்கு மறுமுனை வரை மாறாது. கண்ணாடியில் அந்த ஒழுங்கு கிடையாது. உருகிய குழம்பு, அணுக்கள் வரிசைக்கு வருவதற்குள் குளிர்ந்து இறுகிவிடுகிறது.

சாதாரண ஜன்னல் கண்ணாடியில் சிலிக்காவோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும். ஈயக் கிரிஸ்டலில் சுண்ணாம்பின் இடத்தை ஈய ஆக்சைடு எடுத்துக்கொள்கிறது. சோடாவுக்குப் பதில் பெரும்பாலும் பொட்டாஷ். லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-இல் காப்புரிமை பெற்றுச் செய்த கண்ணாடியில்தான் இந்த வகையின் தொழில்முறை வரலாறு தொடங்குகிறது. அவருடைய முதல் பாத்திரங்களில் கொஞ்ச நாளில் நுண்விரிசல் ஓடி மங்கிப் போயின. ஈய ஆக்சைடின் அளவைக் கூட்டிய பிறகு அந்தத் தொல்லை அடங்கியது.

ஈயம் சேர்ப்பதால் மூன்று காரியம் நடக்கிறது. கண்ணாடி குறைந்த வெப்பத்திலேயே இளகி, ஊதுபவருக்கு வளைந்து கொடுக்கிறது. ஆறிய பிறகும் மென்மையாக இருப்பதால் சக்கரத்தில் பட்டை தீட்டுவது சுலபம். ஒளியை அதிகம் வளைத்து, நிறங்களாகப் பிரித்தும் காட்டுகிறது. அந்த வானவில் தெறிப்பு மூன்றாவதின் வேலை. கூடவே எடையும் ஏறும். பின்னால் வரும் சோதனைகள் பலவும் இந்தக் குணங்களையே பிடித்துப் பார்ப்பவை.

படி 1: பெயரையும் சீட்டையும் படியுங்கள்

கல்லைத் தொடுவதற்கு முன்னால் சீட்டைப் பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ‘கிரிஸ்டல்’ என்ற ஒற்றைச் சொல் எதையும் உறுதி செய்யாது. அந்தப் பெயரில் குறைந்தது ஐந்து பொருள்கள் விற்பனையில் இருக்கின்றன: தோண்டி எடுத்த ஸ்படிகம், ஆலையில் வளர்த்த குவார்ட்ஸ், ஈயக் கிரிஸ்டல், ஈயம் கலக்காத கிரிஸ்டல் கண்ணாடி, சிலிக்காவை மட்டும் உருக்கிச் செய்த கண்ணாடி.

சீட்டில் ‘24%’ அல்லது ‘30%’ என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது ஈயக் கண்ணாடி. 1969-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் கொண்டுவந்த விதி கிரிஸ்டல் கண்ணாடியை நான்கு வகையாகப் பிரித்தது. ஈய ஆக்சைடு எடையில் 30 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு ஈயக் கிரிஸ்டல். 24 சதவீதம் இருந்தால் ஈயக் கிரிஸ்டல். இவை இரண்டுக்கும் பொன்னிற வட்டச் சீட்டு. துத்தநாகம், பேரியம், பொட்டாசியம், ஈயம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் தனியாகவோ கூட்டாகவோ 10 சதவீதம் இருப்பவை கீழ் இரண்டு வகை. அவற்றுக்கு வெள்ளி நிறத்தில் சதுரமும் முக்கோணமும். சதவீதம் என்பது ஈய ஆக்சைடின் கணக்கு என்பதைக் கவனியுங்கள். 24 சதவீத ஆக்சைடு என்றால் உலோக ஈயமாக ஏறத்தாழ 22 சதவீதம். பொருளின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈயம்!

பெயர்பெற்ற கிரிஸ்டல் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அது கண்ணாடிதான். ஆஸ்திரியாவின் வாட்டன்ஸ் ஊரில் 1895-இல் தொடங்கிய ஸ்வரோவ்ஸ்கியின் கற்கள் கண்ணாடி. 2012 முதல் ஈயம் சேர்க்காத கலவைக்கு மாறியிருக்கிறார்கள். பிரான்ஸின் பக்காரா, அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு எல்லாம் கண்ணாடிக் கலையின் பெயர்கள். அவர்கள் யாரும் இயற்கை ஸ்படிகம் என்று சொல்லி விற்பதில்லை. மறுவிற்பனையில் கை மாறும்போதுதான் அந்தக் கதை முளைக்கிறது.

‘கே9 கிரிஸ்டல்’ என்பதும் அப்படித்தான். பரிசுக் கோப்பைகளிலும், உள்ளே லேசரால் உருவம் பொறித்த கட்டிகளிலும் இந்தப் பெயரைப் பார்க்கலாம். அது லென்ஸ் செய்யப் பயன்படும், போரான் கலந்த போரோசிலிகேட் வகை ஒளியியல் கண்ணாடி. ஈயம் கிடையாது, ஸ்படிகமும் கிடையாது. ‘ஓபலைட்’, ‘செர்ரி குவார்ட்ஸ்’, ‘உருக்கிய குவார்ட்ஸ்’ என்ற பெயர்களில் வருபவையும் பெரும்பாலும் கண்ணாடியே. குவார்ட்ஸை உருக்கினால் அது குவார்ட்ஸாக இருப்பது அத்தோடு முடிந்தது. ஒழுங்கு கலைந்து கண்ணாடி ஆகிவிடும்.

விற்பவரிடம் ‘இது அசலா?’ என்று கேட்காதீர்கள். கண்ணாடி விற்பவரும் கூசாமல் ‘அசல் கிரிஸ்டல்’ என்பார். அதில் பொய்யும் இல்லை. ‘இது இயற்கையாக விளைந்த குவார்ட்ஸா, ஆலையில் வளர்த்ததா, கண்ணாடியா?’ என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே போதுமான பதில்.

படி 2: பூதக்கண்ணாடியில் பாருங்கள்

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லூப் ஒன்று இருந்தால் போதும். கல்லைத் துடைத்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி பிடித்து, மெதுவாகத் திருப்புங்கள்.

தேட வேண்டிய முதல் விஷயம் உருண்டையான காற்றுக்குமிழ். ஒன்றோ இரண்டோ, தனித்தனியாக, முழு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்தால் கண்ணாடி என்று முடிவு கட்டலாம். அடுத்தது, சர்க்கரைப் பாகு தண்ணீரில் கரையும்போது தெரிவதுபோன்ற நெளிந்த கோடுகள். குழம்பு முழுக்க ஒரே சீராகக் கலக்காமல் இறுகிய தடயம் அது.

ஸ்படிகத்தின் உள்ளே இருப்பவை வேறு மாதிரி. மெல்லிய திரைபோல ஒரு தளத்தில் பரவிய நுண்புள்ளிகள் தெரிந்தால், அது கல் வளரும்போது விரிசல் விட்டு மறுபடி கூடிய இடம். ரூட்டைல் என்ற வேறொரு கனிமத்தின் ஊசிகள் பொன்னிறத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடலாம். குளோரைட் என்ற கனிமம் பச்சையாகப் படிந்திருக்கலாம். அபூர்வமாகச் சில கற்களில் நீர் அடைபட்ட சிறு அறையும், கல்லைச் சாய்த்தால் அதனுள் நகரும் ஒரு குமிழும் இருக்கும். குமிழ் என்றதும் கண்ணாடி என்று அவசரப்பட வேண்டாம் என்பது இதனால்தான். கண்ணாடியின் குமிழ் இருந்த இடத்தில் இருக்கும், அதைச் சுற்றி அறை எதுவும் இருக்காது.

உள்ளே எதுவுமே இல்லாவிட்டால்? சிறிய கல்லில் அது சகஜம். குற்றமற்ற ஸ்படிகத் துண்டுகள் கிடைக்கத்தான் செய்கின்றன. அளவு பெருகப் பெருகச் சந்தேகமும் பெருக வேண்டும். உள்ளங்கையை நிறைக்கும் உருண்டை ஒன்று ஒரு மாசும் இல்லாமல் இருந்தால் அது ஸ்படிகமாக இருப்பது அரிது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 32.7 செ.மீ. விட்டமுள்ள மாசற்ற ஸ்படிக உருண்டை ஒன்று இருக்கிறது. எடை 48 கிலோவுக்குச் சற்று மேல். அப்படி ஒன்று கிடைத்தால் அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள் என்பதிலிருந்தே அதன் அருமை தெரியும்.

விளிம்புகளையும் விட்டுவிடாதீர்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5, ஈயக் கண்ணாடி அதற்கும் கீழே. வீட்டுத் தூசியிலேயே குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கும். அதனால் பல வருடம் புழங்கிய கண்ணாடி மணியின் பட்டை விளிம்புகள் மழுங்கி, மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் ஓடியிருக்கும். அதே காலம் புழங்கிய ஸ்படிக மணியில் விளிம்பு கூர்மையாக நிற்கும். மணியின் துளையையும் எட்டிப் பாருங்கள். துளைக்கருவி போன தடம் உள்சுவரில் சொரசொரப்பாக, வெளுத்துத் தெரிந்தால் ஸ்படிகத்துக்குச் சாதகம். வழவழப்பாக இருந்து, வெளியே அச்சின் ஒட்டுக்கோடும் தெரிந்தால் வார்த்த கண்ணாடி. துளையை மெருகேற்றிய ஸ்படிக மணிகளும் உண்டு. ஆகவே இது துணைச் சான்றுதான்.

முனையுள்ள கல்லாக இருந்தால் இன்னும் ஒரு வழி இருக்கிறது. இயற்கையில் விளைந்த ஸ்படிகத் தண்டு ஆறு பக்கம் கொண்டது. பக்கங்களின் அகலம் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்கு இடையே உள்ள கோணம் எப்போதும் 120 டிகிரி. இந்த மாறாக் கோணத்தைத்தான் டென்மார்க் அறிஞர் நிக்கோலாஸ் ஸ்டெனோ 1669-இல் எழுதிவைத்தார். தண்டின் பக்கங்களில் குறுக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய வரிகள் ஓடும்; நகத்தால் வருடினாலே தட்டுப்படும். முனையின் ஆறு முகங்களும் ஒரே அளவில் இருப்பது குறைவு. பெரிதும் சிறிதுமாக மாறி மாறி வரும். ஆறும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவாக, வரியே இல்லாமல் வழவழவென்று இருந்தால், ஒன்று கண்ணாடி, இல்லையென்றால் ஸ்படிகத்தையே கோபுர வடிவில் அறுத்து மெருகேற்றியிருக்கிறார்கள். இரண்டையும் இந்தப் படியில் பிரிக்க முடியாது.

உடைந்த இடத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு. அது வீண் வேலை. இரண்டுமே சிப்பி வடிவில், வளைவு வளைவாகத்தான் உடையும்.

படி 3: தொட்டுப் பாருங்கள்

குவார்ட்ஸ் வெப்பத்தைக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். அதனால் தொட்டதும் சில்லென்று இருக்கும், கைச்சூட்டில் சீக்கிரம் வெதுவெதுப்பாகாது. ஆனால் தனியாக ஒரு கல்லைத் தொட்டுவிட்டு ‘குளிர்கிறது’ என்று சொல்வதில் பொருள் இல்லை. எல்லாக் கல்லும் குளிரத்தான் செய்யும். ஏறத்தாழ அதே அளவுள்ள கண்ணாடித் துண்டு ஒன்றை அதே மேசையில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் புரியும். இதை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒளியை வைத்துச் சோதியுங்கள்

வீட்டில் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள சோதனை இதுதான். கல்லுக்கு ஒரு சேதமும் வராது.

குவார்ட்ஸுக்குள் நுழையும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிந்து, கொஞ்சம் வேறுபட்ட வேகங்களில் போகும். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் ஒரு கதிருக்கு 1.544, மற்றதற்கு 1.553. கண்ணாடியில் எந்தத் திசையிலும் ஒரே எண்தான். இங்கே ஒரு வேடிக்கை: ஈயக் கிரிஸ்டலுக்கு அந்த ஐரோப்பிய விதி கேட்கும் குறைந்தபட்ச ஒளிவிலகல் எண் 1.545. ஸ்படிகத்தின் எண்ணும் கிட்டத்தட்ட அதுவே. எனவே ‘ஒளியை எவ்வளவு வளைக்கிறது’ என்பதை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். கதிர் இரண்டாகப் பிரிகிறதா என்பதுதான் காட்டிக்கொடுக்கும்.

உருண்டை பெரிதாக இருந்தால், வெள்ளைத் தாளில் மெல்லிய கோடு ஒன்று கிழித்து அதன்மேல் உருண்டையை வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கோட்டைப் பாருங்கள். உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல பக்கமும் உருட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். ஸ்படிகமாக இருந்தால் சில நிலைகளில் கோடு இரண்டாகத் தெரியும், ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் ஒன்றாகவே நிற்கும். எப்படி உருட்டினாலும் ஒரே கோடு என்றால் கண்ணாடி. சிறிய உருண்டைகளில் இந்தப் பிரிவு கண்ணுக்கு எட்டாது. உருட்டவே தேவையில்லாமல் கோடு இரண்டும் அகல விலகி நின்றால் அது குவார்ட்ஸும் இல்லை, கால்சைட் என்ற வேறு கனிமமாக இருக்கலாம்.

மணி, தொங்கட்டான் போன்ற சிறியவற்றுக்குப் போலராய்டு குளிர்கண்ணாடியும் எல்.சி.டி. திரையுள்ள மடிக்கணினியும் போதும்.

திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். குளிர்கண்ணாடியைக் கையில் பிடித்து, அதன் ஒரு வில்லை வழியாகத் திரையைப் பார்த்தபடி அதை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை இருண்டுபோகும். அந்த நிலையிலேயே அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சுழற்றியும் இருளவில்லை என்றால் அந்தத் திரை இதற்கு ஒத்துவராது, வேறு திரையைத் தேடுங்கள்.

இப்போது திரைக்கும் குளிர்கண்ணாடிக்கும் நடுவே கல்லைப் பிடித்து, அதை மட்டும் சுழற்றுங்கள். ஸ்படிகம் இருளில் ஒளிரும். ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை வெளிச்சமாகி நான்கு முறை இருளும். கண்ணாடி இருளிலேயே கிடக்கும். பட்டைகளும் வளைவுகளும் ஒளியைச் சிதறடித்துக் குழப்பினால், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கல்லை அதற்குள் வைத்துப் பாருங்கள், தெளிவாகும். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், அது தானே வண்ணம் காட்டிக் கெடுத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, குவார்ட்ஸின் உள்ளே ஒளி பிரியாத ஒரு திசை உண்டு. கல் தற்செயலாக அந்தத் திசையில் அமைந்துவிட்டால் சுழற்றினாலும் மாற்றம் தெரியாது. ஆகவே ‘கண்ணாடி’ என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் குறைந்தது மூன்று வேறு நிலைகளில் பிடித்துப் பாருங்கள். ஸ்படிக உருண்டையில் அந்தத் திசையைச் சரியாகப் பிடித்துவிட்டால் ஒன்றுக்குள் ஒன்றாக வண்ண வளையங்கள் தெரியும். அதைப் பார்த்தவர்களுக்கு வேறு சான்று தேவைப்படாது. இரண்டு, சரியாக ஆற்றப்படாத கண்ணாடியில் இறுக்கம் தங்கியிருந்தால் மங்கலான பட்டைகளோ சிலுவைபோன்ற நிழலோ நெளியும். அது ஒழுங்காக நான்கு முறை ஒளிர்ந்து இருளாது. கொஞ்சம் பழகினால் பிரித்தறியலாம். இந்தச் சோதனை ஒளி ஊடுருவும் கற்களுக்கு மட்டுமே. பால்போல் மங்கிய கற்களில் பயனில்லை.

வானவில் நிறங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளியை நிறமாகப் பிரிக்கும் திறன் குவார்ட்ஸுக்கு 0.013 மட்டுமே, வைரத்துக்கு 0.044. ஈயம் கூடக் கூடக் கண்ணாடி வைரத்தின் பக்கம் நகர்கிறது. பாரிஸில் 18-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்ட்ராஸ் ஈயக் கண்ணாடியில் செய்த செயற்கை வைரங்கள் புகழ்பெற்றது இதனால்தான். சரவிளக்குத் தொங்கட்டான் சுவரெங்கும் வண்ணம் இறைத்தால் ஈயத்தைச் சந்தேகியுங்கள். மேற்பரப்பிலேயே எண்ணெய்ப் படலம்போல் வண்ணம் மினுங்கினால் அது பூச்சு. அந்தப் பூச்சைக் கண்ணாடிக்கும் போடுகிறார்கள், ஸ்படிகத்துக்கும் போடுகிறார்கள்.

படி 5: எடை போடுங்கள்

0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வேண்டும். கல்லில் உலோகமோ பசையோ ஒட்டியிருக்கக் கூடாது.

கல்லை உலர்ந்த நிலையில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கல் முழுகினாலும் வழியாத அளவு தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ சுவரையோ தொடாமல் தண்ணீரில் முழுக அமிழ்த்திப் பிடியுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம் எண்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். உலர் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. கல்லில் ஒட்டும் காற்றுக்குமிழ்கள் கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் ஒட்டாது.

உதாரணமாக உலர் எடை 53.0 கிராம், நீரில் காட்டியது 20.0 என்றால் அடர்த்தி 2.65. குவார்ட்ஸின் எண் அதுதான். அதே கன அளவுள்ள 30 சதவீத ஈயக் கிரிஸ்டல் குறைந்தது 60 கிராம் இருக்கும். விதிப்படி அதன் அடர்த்தி 3.00-க்குக் குறையக் கூடாது. 24 சதவீத வகைக்கு 2.90. சாதாரணக் கண்ணாடியும் கே9-உம் 2.5-ஐ ஒட்டி நிற்கும். சிலிக்காவை மட்டும் உருக்கியது 2.20.

ஈயக் கண்ணாடியை இதில் தவறவிட முடியாது. 2.5-க்கும் 2.65-க்கும் உள்ள இடைவெளிதான் சிக்கல். இருபது கிராம் தண்ணீரை விலக்கும் பெரிய கல்லில் அது தெளிவாகத் தெரியும். இரண்டு கிராம் மட்டும் விலக்கும் சின்ன மணியில் தராசின் பிழையே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஒரே மாதிரி மணிகள் பல இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி எடைபோடுங்கள். இன்னொன்று: கண்ணாடியின் அடர்த்தியைக் கலவையை மாற்றி எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். 2.65 வந்துவிட்டது என்பதற்காகக் குவார்ட்ஸ் என்று சொல்லிவிட முடியாது. படி 4-இலும் தேறியிருக்க வேண்டும்.

செய்யவே கூடாத சோதனைகள்

கல்லால் கண்ணாடியைக் கீறிப் பார்ப்பது, கத்தியால் கல்லைக் கீறுவது இரண்டும் வேண்டாம். விடை சரியாகவே கிடைத்தாலும் பொருள் கெட்டுவிடும், அது உங்களுடையதாக இல்லாவிட்டால் வம்பும் சேரும். நெருப்பில் காட்டுவது இன்னும் மோசம். ஸ்படிகத்தில் அடைபட்ட நீர் விரிந்து கல் வெடிக்கலாம். ஈயக் கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். அரைத்துப் பார்ப்பது, வீட்டிலேயே துளையிடுவது இரண்டும் உடம்புக்கே கேடு. குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற நோயை உண்டாக்கும். ஈயக் கண்ணாடியின் தூளில் ஈயம்.

தட்டினால் நீண்டு ஒலிப்பது ஈயக் கிரிஸ்டலின் அடையாளம் என்பது உண்மைதான். ஆனால் அது மெல்லிய கோப்பைகளுக்குப் பொருந்தும். உருண்டையையும் மணியையும் தட்டிப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

படி 6: ஆய்வகத்துக்கு எப்போது போவது

மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறிய கல் குவார்ட்ஸ் என்று துணிந்து சொல்லலாம். இயற்கையானது என்று சொல்ல முடியாது. அழுத்தக் கலன்களில் 350 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் காரக் கரைசலில் வளர்க்கும் குவார்ட்ஸ், அணு அடுக்கிலும் அடர்த்தியிலும் ஒளிவிலகலிலும் இயற்கையானதேதான். கைக்கடிகாரங்களில் நொடிக்கு 32,768 முறை அதிரும் துண்டுகள் இப்படி வளர்க்கப்பட்டவையே. வீட்டுச் சோதனை எதுவும் இந்த இரண்டையும் பிரிக்காது. ரத்தினக்கல் ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலையும் நுண்ணோக்கியும் கொண்டு பார்ப்பார்கள். விலை அதற்குத் தகுந்ததாக இருந்தால் மட்டும் போங்கள். சாதாரண மணிக் கோர்வைக்குச் சான்றிதழ்ச் செலவு கட்டுப்படியாகாது. ஈயம் இருக்கிறதா என்பது மட்டுமே உங்கள் கேள்வி என்றால், எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி கல்லைத் தொட்டதும் சொல்லிவிடும்.

ஈயக் கிரிஸ்டல் என்று தெரிந்துவிட்டால்

அலங்காரமாக வைத்திருப்பதற்கோ, பெரியவர்கள் நகையாக அணிவதற்கோ அஞ்சத் தேவையில்லை. ஈயம் கண்ணாடியின் வலைக்குள் பிணைந்திருக்கிறது. கையில் பட்டதும் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் பொருள்களை வாயில் வைக்கும் வயதுள்ள குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

பாத்திரமாகப் புழங்குவதில்தான் கவனம் தேவை. புளிப்பான பானமும் மதுவும் கண்ணாடியிலிருந்து ஈயத்தை மெல்ல இழுக்கும். ஜோசப் கிராசியானோ, கான்ராட் பிளம் இருவரும் 1991-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் ஈயம் இருந்த போர்ட் ஒயின், ஈயக் கிரிஸ்டல் குடுவைகளில் நான்கு மாதம் இருந்தபின் 2,000 முதல் 5,000 மைக்ரோகிராமுக்கு மேல் போயிருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம். எப்போதாவது ஊற்றி உடனே குடித்துவிடுவது வேறு, நாள்கணக்கில் சேமித்து வைப்பது வேறு. ஊறுகாய், பழச்சாறு, வினிகர் எதையும் அதில் வைக்காதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதில் குடிக்கவே வேண்டாம். என்னைக் கேட்டால், அழகுக்காக வாங்கியதை அலமாரியில் வைத்துவிட்டுச் சாதாரணக் கண்ணாடி டம்ளரில் குடிப்பதே நிம்மதி.

கழுவும்போது வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, துணி. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் சூடும் காரமும் சேர்ந்து மேற்பரப்பை அரித்து மங்கலாக்கும். அந்த மங்கல் திரும்பப் போகாது.

ஸ்படிகத்தைப் பராமரிப்பதில் பெரிய வேலை இல்லை. தண்ணீரும் சோப்பும் ஒன்றும் செய்யாது. கொதிநீரிலிருந்து குளிர்நீருக்கு மாற்றுவதை மட்டும் தவிருங்கள். அதையும் கண்ணாடியையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்தால் ஸ்படிகம் கண்ணாடியைக் கீறிவிடும், தனித்தனித் துணிப்பையில் வையுங்கள்.

உருண்டை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இதில் ஸ்படிகம், கண்ணாடி என்ற வேறுபாடே இல்லை. ஒளி ஊடுருவும் கனத்த உருண்டை எதுவானாலும் அது ஒரு குவிவில்லை. ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் வைத்தால் சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, பக்கத்தில் இருக்கும் திரைச்சீலையையோ காகிதத்தையோ பற்ற வைத்துவிடும். வெயில் எட்டாத அலமாரியில் வையுங்கள். ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்றால் பகலில் கனமான துணியால் மூடி வையுங்கள்.